படகு யார் பேரில்?

ஏப்ரல் 15, 2024, திங்கள்

நள்ளிரவோடு தடை தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் எந்த விசைப்படகும் ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது. 2001-இல் இந்தத் தடை வந்தபோது 45 நாள்தான் இருந்தது. 2017-இல் அதை 61 நாளாக்கினார்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பது அரசின் கணக்கு. படகுக்காரர்களுக்கு வேறு கணக்கும் உண்டு. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் இப்போதுதான். கரையில் நிற்கும் படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்து விலை பேசவும் இதுதான் தோதான நேரம்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் இந்த முறை விலைப் பேச்சு மட்டும்தான் நடக்கிறது. வீட்டுக்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ராமேஸ்வரம் துறைமுகத்தில் 46 அடி மரப் படகு ஒன்று அவருக்குச் சொந்தம், லேலண்ட் எஞ்சின் போட்டது. மற்ற முதலாளிகளைப் போல டிரைவர் வைத்து ஓட்டியவர் அல்ல, சுக்கான் எப்போதும் அவர் கையில்தான். மாசி மாதம் கடலில் வைத்தே நெஞ்சு வலி வந்தது. மதுரையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

"வித்துருங்க. அந்தக் காசுல ஒரு கடை வச்சுக்கலாம்" என்பது மனைவியின் கட்சி. அவர் பதில் சொல்லவில்லை. தினமும் ரத்த அழுத்தத்தை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்கென்று புது நோட்டு எதுவும் வாங்காமல், படகுக் கணக்கு நோட்டை எடுத்து, டீசலும் ஐஸும் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் 130/80 என்று எழுதினார். கீழே ஒரு வரி: "தடை முடியுறதுக்குள்ள முடிவு பண்ணணும்."

ஏப்ரல் 19, வெள்ளி

நாடாளுமன்றத் தேர்தல். ஓட்டுச் சாவடி வரை நடந்தே போனார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் நெஞ்சு வலி வந்த இரவைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது.

வலி தொடங்கியது விடியலுக்கு முன். அப்போது மடி வலை தண்ணீருக்குள் கிடந்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்துச் சோடா குடித்தார். வியர்வை நிற்காமல் கொட்டியதும், கூட வந்த தம்பி மகன் வின்ச்சைப் போட்டு மடியை ஏற்றி, படகைக் கரைக்குத் திருப்பினான். கரையிறங்கியதும் வழியிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின், மொத்தம் 14. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே ரத்தக் கட்டி வளராமல் தடுக்கும் ஏற்பாடு. அதன் பிறகு 108 வண்டி, பாம்பன் பாலம், ராமநாதபுரம், மதுரை.

"அந்த மாத்திரைதான் காப்பாத்துச்சு" என்றார் வரிசையில் ஒருவர். "மாத்திரை இல்ல, அந்தப் பய படக வேகமாத் திருப்பினதுதான்" என்றார் இவர்.

ஏப்ரல் 27, சனி

உடம்பைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை என்று அவருக்கு எரிச்சல். "இனிமே கனம் தூக்காதீங்க" என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய கவலை கனத்தில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வகை மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள், பொதுவாக ஓர் ஆண்டு. இடையில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து சாப்பிட்டால் சின்னக் கீறலும் சீக்கிரம் நிற்காது. போன வாரம் சவரம் செய்யும்போது தாடையில் பட்ட வெட்டில் கசிவு நிற்கவே நேரமானது, துண்டின் ஒரு முனை முழுக்கச் சிவப்பு. மடியைத் தளத்தில் அவிழ்த்துக் கொட்டினால் இறால் மட்டுமா விழும்? கெளுத்தியின் முள், திருக்கையின் வால், நண்டின் கொடுக்கு எல்லாம் சேர்ந்துதான் விழும். வின்ச்சில் ஓடும் கம்பி ரோப்பில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் கையைக் கிழித்துவிடும். அவருடைய உள்ளங்கைகளில் பழைய தழும்பு இல்லாத இடமே இல்லை. அவற்றில் ஒன்றுக்குக்கூட அவர் தையல் போட்டுக்கொண்டதில்லை.

மே 3, வெள்ளி

தரகர் வந்தார். படகைச் சுற்றி வந்து, சுத்தியலால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஓசை கணீரென்று வந்தால் மரம் நன்றாயிருக்கிறது, மந்தமாக வந்தால் உள்ளே புழு குடைந்திருக்கிறது. சுக்கான் பக்கத்தில் இரண்டு இடத்தில் ஓசை மந்தம். பதினான்கு லட்சத்தில் ஆரம்பித்து, அந்த இரண்டு இடத்தையும் காட்டி இறங்கினார்.

மதியம் இன்னொருவர் வந்தார். அவருக்குப் படகு வேண்டாம். எஞ்சின், வின்ச், காற்றாடி, இரும்பு ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு மரத்தை விறகு விலைக்குத் தள்ளிவிடுவார். அவர் சொன்ன விலை தரகர் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனால் மறுநாளே ரொக்கம்.

கையில் வரப்போகும் பணத்தில் முதல் பங்கு வேறொருவருக்கு. இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். முன்பணம் வாங்கியவர் பிடிக்கும் இறாலை அந்த ஏஜென்ட்டுக்கே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். படகு கைமாறினால் அந்தக் கடனை அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். மனைவி கடைக்குப் போட்டு வைத்த கணக்கில் இந்தத் தொகை இல்லை.

மே 8, புதன்

மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனவர் ஆழ்கடல் திட்டத்தைப் பற்றியும் விசாரித்தார். பாக் நீரிணையின் இழுவைப் படகுகளைக் குறைக்க 2017-இல் கொண்டுவந்த திட்டம் அது. இழுவைப் படகை விட்டுவிட்டு, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு படகுக்கு மதிப்பு 80 லட்சம். பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் மானியமாகத் தரும், 20 சதவீதம் வங்கிக் கடன், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ராமேஸ்வரத்துக்காரர் பழகியது ஒருநாள் தொழில். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நாள் நாட்டுப்படகு என்று இங்கே முறை. டோக்கன் வாங்கிப் புறப்பட்டால் மறுநாள் கரை. ஆழ்கடல் என்றால் நாள்கணக்கில் தண்ணீரில் கிடக்க வேண்டும். மாத்திரை டப்பாவுடன் அவர் எங்கே போவார்? கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மே 14, செவ்வாய்

தம்பி மகன் ஒரு யோசனை சொன்னான். "பெரியப்பா, நீங்க கரையில இருங்க. நான் ஓட்டுறேன். டீசல், ஐஸ் போக மிச்சத்துல உங்க பங்கு வீட்டுக்கு வந்துரும்."

விற்கவும் வேண்டாம், கடலுக்குப் போகவும் வேண்டாம். மனைவிக்கே பிடித்திருந்தது. மறுத்தது அவர்தான்.

காரணம் கடலில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு சுமார் 12 கடல் மைல்தான். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பக்கம் இலங்கையின் எல்லைக்கோடு. நடுவில் இருக்கும் பட்டையில் நூற்றுக்கணக்கான படகுகள் மடி இழுக்க வேண்டும். இறால் எந்தப் பக்கம் அதிகம் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். பாடு கெட்டு, டீசல் காசுகூடத் தேறாத இரவில் சுக்கான் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும்.

2017 ஜூலையில் இலங்கை இழுவைமடித் தொழிலையே தடை செய்தது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம் வைத்தது. ஆட்கள் பெரும்பாலும் சில வாரத்தில் திரும்பிவிடுவார்கள். படகு திரும்புவது அபூர்வம். உரிமையாளர் அங்குள்ள நீதிமன்றத்தில் ஆவணங்களோடு நேரில் நின்று கேட்க வேண்டும், இல்லையென்றால் படகு அரசுடைமை.

"நான் இருந்தா எங்க திருப்பணும், எங்க திருப்பக் கூடாதுன்னு சொல்லுவேன். கரையில கட்டில்ல படுத்துக்கிட்டு யாருக்கு என்னத்தச் சொல்ல?" என்றார். தம்பி மகனுக்கு முகம் வாடிவிட்டது. அவனை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டான்.

மே 21, செவ்வாய்

அடுத்த தெருக்காரர் பேச வந்தார். அவருடைய படகு இலங்கையில் போய் ஆண்டுகள் ஆகின்றன. மீட்க முடியாது என்று விட்டுவிட்ட 108 விசைப்படகுகளுக்கும் 17 நாட்டுப்படகுகளுக்கும் 2022-இல் மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம்.

"எஞ்சின் வெலைக்கே காணாது" என்றார் வந்தவர். அவரும் கரையில் இருந்துகொண்டு டிரைவர் வைத்து ஓட்டியவர்தான். பிடிபட்ட அன்று தன் படகு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிய வந்ததே தொலைக்காட்சிச் செய்தியில்தான்.

இந்தப் பிப்ரவரி முதல் டிரைவர்களுக்கும் நிம்மதி இல்லை. இலங்கை நீதிமன்றம் படகோட்டிகளுக்கு 6 மாதச் சிறை கொடுத்தது, இரண்டாம் முறை பிடிபட்டவருக்கு ஓர் ஆண்டு. அதைக் கண்டித்துத்தான் ராமேஸ்வரம் மீனவர்கள் இந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

மே 29, புதன்

மதுரையில் எக்கோ பார்த்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு நல்ல நிலையில் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இவருக்கு 42. மோசமில்லை, மருந்தில் இன்னும் ஏறலாம் என்றார் டாக்டர். நடக்கலாம், மாடி ஏறலாம்.

"கடலுக்குப் போகலாமா சார்?"

டாக்டர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: மறுபடி வலி வந்தால் ஆஸ்பத்திரி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். மடி கீழே கிடந்தால் ஏற்றி முடிக்க அரை மணி. படகு மணிக்கு ஏழு எட்டு கடல் மைல்தான் ஓடும், கரை வர ஒன்றரை மணி, எதிர்க்காற்றென்றால் இரண்டு. அங்கிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். ஆக நாலு மணி நேரத்துக்குப் பக்கம். கடலோரக் காவல்படையை 1554-இல் கூப்பிடலாம், ஆனால் அவர்களும் வந்து சேர வேண்டுமே. மாரடைப்பில் முதல் சில மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் இதயத் தசை பிழைக்கும். டாக்டர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, அடுத்த மாதத்துக்கான மாத்திரையை எழுதினார்.

திரும்பும் பேருந்தில் மனைவியிடம், "நான் போகல" என்றார். படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஊரே தேர்தல் முடிவுக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. தம்பி மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"படக உனக்கே தர்றேன். பங்குக்கு இல்ல, வெலைக்கு. தரகர் கடைசியா நின்ன வெலையில ஒரு லட்சம் கொறச்சுக்க. ஏஜென்ட் கடன மட்டும் இப்பக் கட்டு. மிச்சத்த மூணு வருசத்துல குடு. ஆனா பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடி பேரு மாறணும்."

பையன் தயங்கினான். "பேருக்கு என்ன அவசரம் பெரியப்பா?"

அவசரம் இருந்தது. படகுப் பதிவில் பெயர் மாறாதவரை, யார் ஓட்டினாலும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பழைய உரிமையாளர்தான். இன்னொன்றையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார்: அடுத்தவர் படகில் போகிறவன் துணிவதும், பாதி விலை பாக்கி நிற்கும் தன் சொந்தப் படகில் போகிறவன் துணிவதும் ஒன்றல்ல. பையனின் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஜெயிலும் இவருக்கு, கடனும் இவருக்கா மாமா?" என்றாள். நியாயமான கேள்வி. எல்லைக்கோட்டுக்கு இப்பால் நின்றால் என்ன கிடைக்கும், தவணை கட்ட அது காணுமா என்று பழைய கணக்கு நோட்டை விரித்து இரவு வரை மூவரும் கூட்டிப் பார்த்தார்கள். மூணு வருசம் நாலாயிற்று.

ஜூன் 8, சனி

பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கான தாள்கள் தயார். பதிவுச் சான்று, இருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், சங்கத்தின் கடிதம், டீசல் புத்தகம். புத்தகத்தின் மதிப்பு படகுக்காரர்களுக்குத்தான் தெரியும். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசலை 19,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். தடைக்கால நிவாரணத்தை 8,000 ஆக்கியதும் அங்கேதான்.

படகு போனால் அந்த நிவாரணமும் போய்விடுமோ என்பது மனைவியின் கவலை. அது மீனவக் குடும்பத்துக்கு, படகுக்கு இல்லை என்றார் அவர்.

ஜூன் 12, புதன்

சுக்கான் பக்கத்தின் இரண்டு பலகைகளையும் மாற்றி, பலகை இடுக்குகளில் கலப்பத்து அடித்து, படகை இறக்கினார்கள். தள்ளுவதற்கு அவரும் கை வைக்கப் போனார், மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டு, "ரெண்டாவது சிலிண்டர் சரியில்ல" என்றார். மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. கழற்றிப் பார்த்தார்கள். நாசில் அடைத்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. ஏஜென்ட் கடன் தீர்ந்தது, பையன் நகை அடகு வைத்துக் கட்டினான். முதல் தவணை ஆடி முடிந்து. நள்ளிரவில் தடை முடிகிறது. துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் சத்தம் மாலையிலேயே தொடங்கிவிட்டது.

வின்ச் ரோப் பழசு, மாற்றியே ஆக வேண்டும். விலையில் ரோப்பும் சேர்த்திதான் என்கிறான் பையன். படகைப் பார்த்துத்தானே வாங்கினாய் என்கிறார் பெரியப்பா. சங்கத் தலைவர் முன்னிலையில் நாளைக் காலை இதைப் பேசித் தீர்ப்பதாக ஏற்பாடு.