பதினான்கு வளைவுகளுக்கு மேலே

மலைவாசம் என்றவுடன் உதகையையும் கொடைக்கானலையுமே நினைப்பது நம்மவர் வழக்கம். சிறு குழந்தைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அவை தொலைவு, செலவும் மிகுதி. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தில் வாழும் எங்களைப் போன்றோர்க்கு, அண்ணாந்தால் நீலமாய்த் தெரியும் ஏலகிரியே போதுமானது. 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 மீட்டர் உயரமுடையது. பேருந்திலேயே போய்விடலாம்.

நாங்கள் புறப்பட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் குழந்தைகளின் தந்தைக்குத் தோல் தொழிற்சாலையில் இரவு முறை வேலை. ஓராண்டுக்கு மேலாகப் பகலில் உறங்கும் தந்தையையே குழந்தைகள் கண்டனர். இரண்டரை வயதுச் சின்னவள், வீட்டுக்கு வருவோரிடம் வாயில் விரல் வைத்து, "அப்பா தூங்குறாரு" என்பாள். அவர் விழித்திருக்கும் வேளையில் தூக்கினாலோ, அழுதுகொண்டு ஆயாவிடம் தாவிவிடுவாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். வைகாசியில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்ததும், "மலைக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

சனி, ஞாயிறுகளில் மேலே கூட்டம் நெருக்கும். ஆதலால் புதன்கிழமை காலையிலேயே கிளம்பினோம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகளுக்குத் தலைசுற்றுவது ஏனென்றால், உள்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்டோரை இது அவ்வளவாக வருத்துவதில்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைதான் தொல்லை. வயிறு முட்ட உண்ணாமல் இரண்டு இட்டிலியோடு நிறுத்தி, முன்னிருக்கையில் அமர்த்தி, தொலைவில் பார்க்கச் செய்தோம். அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டிய புண்ணியவான் யாரோ, அவர் பிள்ளை பெற்றவராகத்தான் இருக்கவேண்டும்! முல்லைக்குத் தேர் தந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் கதையாகச் சொல்லிக்கொண்டே ஏறினோம். ஆறு வயது மூத்தவன், "போர்வை இல்லாமல் பேகனுக்குக் குளிராதா?" என்று கேட்டதில் வாந்தி மறந்துபோயிற்று. ஒரே ஒரு முறை மட்டும் பையை எடுக்க நேர்ந்தது, அதுவும் ஆயாவுக்காக.

மேலே பார்க்க வேண்டியவை பலவென்று சொல்வார்கள். சிறுவரோடு செல்வோர் பாதியை விட்டுவிடுவதே நலம். சலகாம்பாறை அருவியில் மழைக்காலம் கழிந்தால்தான் நீரைக் காணலாம். மங்கலத்திலிருந்து சுவாமிமலை ஏறுவது சின்னக் கால்களுக்கு ஆகாது. நாங்கள் புங்கனூர் ஏரியோடு நிறுத்திக்கொண்டோம். செயற்கை ஏரிதான், எனினும் படகும் நடைபாதையும் உண்டு. பணம் கொடுத்துப் படகேறிய அரைமணி நேரத்தைவிட, கரையில் கல்லெறிந்த இரண்டு மணி நேரத்தையே பிள்ளைகள் விரும்பினர். வேலியோரப் பலாமரத்தின் அடியிலேயே காய்த்திருந்த பழத்தைச் சின்னவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குரங்குகள் மட்டும் கவனத்துக்குரியவை. கையில் தின்பண்டத்தோடு குழந்தையைத் தனியே நிறுத்தலாகாது.

1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பர். வைகாசியிலும் இரவில் கம்பளி வேண்டியிருந்தது. அன்று அமாவாசையை ஒட்டிய இரவு. தங்கிய விடுதியின் விளக்கணைத்து முற்றத்துக்கு வந்தபோது, வடவானில் சப்தரிஷி மண்டலம் தெளிவாக நின்றது. இப்பக்கத்து வானத்தின் இருளை நம்பியே, அண்மையிலுள்ள சவ்வாது மலையின் காவலூரில் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினர். மூத்தவனுக்கு ஏழு விண்மீன்களையும் ஒவ்வொன்றாய்த் தந்தை எண்ணிக் காட்டினார். அவர் வழக்கமாக விழித்திருக்கும் வேளைதானே அது! குளிரில் நடுங்கிய சின்னவள், ஆயாவைத் தேடி நாற்புறமும் பார்த்தாள், ஆயா உறங்கியிருந்தார். சற்று நின்றுவிட்டு, தந்தையின் போர்வைக்குள் தானே நுழைந்து, "எனக்கும் எண்ணு" என்றாள்.

அவர் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கினார். ஐந்தாவதற்குள் அவள் உறங்கிவிட்டாள். கை மரத்துப்போகும் என்று நாங்கள் வாங்க முயன்றும் அவர் தரவில்லை.

மறுநாள் இறங்கும்போது காதடைக்காதிருக்க, வளைவுக்கு வளைவு ஒரு வாய் நீர் பருகக் கொடுத்தோம். பேருந்து முழுவதும் பலாப்பழ மணம். சின்னவள் இறங்கும் வரை தந்தையின் மடியைவிட்டு அசையவில்லை.