காலண்டரில் வராத கோயில்

"உங்க ஊர்ல என்ன ஃபேமஸ்?" ஹாஸ்டல் முதல் நாள்ல எல்லாரும் கேட்ட கேள்வி. "சிவகாசி"ன்னு சொன்னதும் அடுத்த கேள்வியே வரல. உங்களுக்கும் பட்டாசுதானே ஞாபகம் வருது?

எங்க அப்பாவுக்கு அச்சகத்துல வேலை. சின்ன வயசுல என் நோட்டுக்கெல்லாம் அட்டை, அவர் கொண்டு வர்ற வேஸ்ட் ஷீட்தான். அதுல பாதி வேளாங்கண்ணி மாதா காலண்டர் படம். கலர் சரியா உக்காராம மாதாவுக்கு ரெண்டு மூக்கு இருக்கும்.

ஒண்ணு தெரியுமா? வேளாங்கண்ணி, கதீட்ரல் இல்ல. ஆயரோட இருக்கை இருக்கிற கோயில்தான் கதீட்ரல். வேளாங்கண்ணி இருக்கிற மறைமாவட்டத்தோட கதீட்ரல், தஞ்சாவூர் திரு இருதய ஆலயம். வேளாங்கண்ணிக்கு 1962-ல கிடைச்சது பசிலிக்கா பட்டம். ஆனா கூட்டம் எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

அளவும் காரணம் இல்ல. பாரிஸ் நோட்ர டாமைவிடப் பெரிய கதீட்ரல் அதே பிரான்ஸ்ல, அமியான்ல இருக்கு. ஆனா விக்டர் ஹியூகோ 1831-ல நாவல் எழுதினது நோட்ர டாமை வச்சுத்தான். கோவில்பட்டி பக்கம் காமநாயக்கன்பட்டி மாதா கோயில், வீரமாமுனிவர் பணி செஞ்ச இடம். என் கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கோயிலுக்குப் பேர் வர, அதோட கதையை யாராவது சொல்லணும், படத்தை யாராவது அச்சடிக்கணும்.

2019 ஏப்ரல் 15. நோட்ர டாம் எரிஞ்சதை உலகமே பார்த்துச்சு. நானும் போன்ல பார்த்து அழுதேன். அந்தத் தீயில யாரும் சாகல. 2024 டிசம்பர்ல திரும்பத் திறந்துட்டாங்க.

எங்க பக்கத்துத் தீ வேற. நான் பன்னெண்டாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் பெரிய சத்தம், ஜன்னல் அதிர்ந்துச்சு. அம்மா பட்டாசு ஆலையில வேலை பார்க்கிறாங்க. உள்ள போன் கொண்டுபோகக் கூடாது, கூப்பிட்டும் கேட்க முடியாது. அம்மாச்சி சுவத்துல தொங்குன வேளாங்கண்ணி காலண்டரைத் தாண்டி, தெருமுனை அந்தோணியார் கோயிலுக்கு ஓடுனாங்க. தகரக் கூரை, இருபது பேர் நின்னா நிறைஞ்சுரும். அன்னைக்கு வாசல் வரைக்கும் ஆள். கிறிஸ்தவங்க மட்டும் இல்ல, தெருவே நின்னுச்சு.

சாயங்காலம் ஆலை வேன்ல அம்மா வந்து இறங்குனாங்க. வெடிச்சது வேற ஆலை. அன்னைக்கு சில வீட்டு அம்மாக்கள் வரல. மறுநாள் பேப்பர்ல அது உள்பக்கத்துல ஒரு சின்னச் செய்தி.

அந்தக் கோயில் படத்தை எங்க அப்பா ஒரு நாளும் அச்சடிச்சதில்ல. அடுத்த தடவை யாராவது "உங்க ஊர்ல என்ன ஃபேமஸ்?"னு கேட்டா, ஃபேமஸ் ஆகாத ஒண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க. நான் அந்தத் தகரக் கூரையைச் சொல்றேன்.