புதுப் பேடு போட்டால் போதுமா?

கொடைக்கானலில் கார் வைத்திருப்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. சமவெளியில் பல வருஷம் வரும் பிரேக் பேடு, அடிக்கடி வத்தலக்குண்டு போய்வரும் நம் வண்டிகளில் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இரண்டு பேர் ஏறிய மாருதி 800 சுமார் 800 கிலோ இருக்கும். இங்கிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறக்குறைய 6,000 அடி இறக்கம். அந்த எடையைத் தடுத்து இறக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தால், அதில் பிறக்கும் சூட்டில் சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பேடு தேயாமல் என்ன செய்யும்?

என் மாருதிக்கு முன் சக்கரங்களில் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேடுகளை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஜாக்கி தூக்க பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுக்க வேண்டும். வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகுதான் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பழைய பேடுகள் கைக்கு வந்துவிடும். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

புதுப் பேடு தடிமனாக இருக்கும். அதற்கு இடம் கிடைக்க, பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும்; வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட இடத்தில் பெயிண்ட் போய்விடும். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். எல்லாம் பூட்டியபின், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

இவ்வளவும் செய்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்ற மே மாதம் என் தங்கை மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். புறப்படும் முன்புதான் புதுப் பேடு போட்ட வண்டி. திரும்பிப் போகையில் வாழைகிரி தாண்டி போன் செய்தான். "மாமா, பெடல் உள்ளே போகுது, ஏதோ கருகுற வாடை வேற." பின்னால் இரண்டு குழந்தைகள். நான்காவது கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறான்.

பழுது பேடில் இல்லை, ஆயிலில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கும். குழாய்க்குள் ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. "ஓரமா நிறுத்தியாச்சா? டிஸ்க்குல தண்ணி ஊத்தாதே. நல்லா ஆறட்டும்" என்றேன். முக்கால் மணி கழித்துப் பெடல் கெட்டியானது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து வத்தலக்குண்டு சேர்ந்து, முதல் வேலையாக ஆயிலை மாற்றினான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் கியரைக் குறைத்து இறங்குவதற்கு 'ஃப்ரேன் மொத்தேர்' என்று பெயர். எஞ்சினே ஒரு பிரேக் என்று பொருள். நம் லாரி டிரைவர்கள் இதையே, ஏறின கியரில் இறங்கு என்பார்கள்.

ஆகவே பேடு மாற்றும்போது ஆயிலின் வயதையும் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. புதுப் பேடு போட்டதும் நேராக மலை இறங்காதீர்கள். முதலில் ஏரியைச் சுற்றி நாலைந்து முறை நிதானமாக ஓட்டிப் பேடைப் பழக்குங்கள். ஊருக்குத் திரும்பும் விருந்தாளிக்குப் பேரிக்காய் கட்டிக் கொடுக்கும்போது, எந்த கியரில் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.