நீட்டிப்புக் கோராதவர்கள்

தில்லி, சர்க்கார் உத்தியோகத்தினால் ஜீவிக்கும் நகரம். ஆகையால் இங்கே வாழ்கிறவர்களுக்கு எமதர்மராஜனைக் காட்டிலும் அறுபதாவது வயது அதிகப் பயம் தருவது இயல்பே. ராமகிருஷ்ணபுரத்துப் பூங்காக்களில் மாலை வேளைகளில் உலாவும் தமிழ்ப் பெரியவர்களின் சம்பாஷணைக்குச் சற்றுக் காது கொடுத்தால், யாருக்கு எக்ஸ்டென்ஷன் கிடைத்தது, யாருக்கு எந்தக் கமிஷனில் நாற்காலி காத்திருக்கிறது என்பதே அதன் சாரமாக இருக்கும். இத்தகைய ஊரில் நெடுங்காலம் குப்பை கொட்டிய எனக்கு, மற்றொரு தேசத்தின் தலைநகரிலே பதின்வயதுப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ஓர் இசைக்குழுவைத் தொடங்கி, மூன்றே ஆண்டுகளில், கூட்டம் பெருகிக்கொண்டிருந்த தறுவாயிலேயே அதைக் கலைத்துவிட்டுப் போனார்கள் என்ற செய்தி நம்பக் கடினமாகத்தான் இருந்தது. குழுவின் பெயர் மைனர் த்ரெட்; ஊர் வாஷிங்டன்; காலம் 1980 முதல் 1983 வரை.

இவர்களை எனக்கு அறிமுகம் செய்தவன், எங்கள் கரோல்பாக் வீட்டு மொட்டைமாடி அறையான பர்சாத்தியில் குடியிருந்த ஒரு கல்லூரி மாணவன். "மாமா, இதுக்கு ஹார்ட்கோர்னு பேர், பங்க்கைவிட வேகம் ஜாஸ்தி" என்று சொல்லி, காதில் கருவியை மாட்டிவிட்டான். ராகம் தானம் பல்லவிக்குப் பழகிய செவி, ஆதார ஸ்ருதி எது என்று தேடிக்கொண்டிருக்கையிலேயே பாட்டு முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சங்கீதம் என்று இதைச் சொல்ல எனக்கு இன்றளவும் மனம் ஒப்பவில்லை. ஆயினும், நல்ல தனி ஆவர்த்தனங்களைக் கேட்டவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அத்தனை வேகத்தில், அத்தனை கோபத்தில், நால்வரும் லயம் பிசகாமல் ஒரே கணத்தில் நிற்பதற்குச் சாதகம் வேண்டும்; வெறும் கூச்சலுக்கு அது கைகூடாது. அந்த வேகத்தை அவர்கள் கற்றது, அதே ஊரின் கறுப்பின இளைஞர்கள் நடத்திய பேட் பிரெயின்ஸ் என்ற குழுவிடமிருந்து.

பாடகர் இயன் மெக்காய்க்கும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனுக்கும் இது முதல் குழு அன்று. இதற்குமுன் டீன் ஐடில்ஸ் என்ற பெயரில் வாசித்து வந்தபோது, 1980-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார்கள். மது விற்கும் கூடம், இவர்களோ வயது வராதவர்கள். ஆகவே புறங்கையில் மையினால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள், அந்தக் கைக்கு மது ஊற்றலாகாது என்பதற்கு அடையாளமாக. இந்த அவமானக் குறியையே பிள்ளைகள் ஆபரணமாக்கிக்கொண்டார்கள். மது வேண்டாம், புகை வேண்டாம், போதை வேண்டாம் என்ற பொருள்பட மெக்காய் எழுதிய 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற சின்னஞ்சிறு பாட்டு, உலகெங்கும் ஒரு விரதத்தின் பெயராயிற்று. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குச் சட்டத்தால் செய்ய முயன்ற காரியத்தை, பிற்காலத்தில் பல தேசத்து இளைஞர்கள் ஒரு பாட்டைக் கேட்டுத் தாமே மேற்கொண்டார்கள் என்பது விசித்திரமே. சிலர் அதை மதவெறிபோல் பிடித்துக்கொண்டு பிறரை அடிக்கவும் துணிந்தார்கள். தாம் எந்த இயக்கத்தையும் தொடங்கவில்லை என்று மெக்காய் பலமுறை சொல்லியும் பயனில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அவர்களுக்கு நேர்ந்த சங்கடம் இங்கும் உண்டு: மதுவுக்கு 25 வயது வரம்பு விதித்திருக்கும் தில்லியிலும், இளம் குழுக்கள் வாசிக்க ஓர் இடம் தேடினால் பெரும்பாலும் ஹவுஸ் காஸ் போன்ற பகுதிகளின் மதுக்கூடங்களில்தான் போய் முடிகிறது.

என்னை அதிகம் கவர்ந்தது அவர்களுடைய வியாபாரம். டீன் ஐடில்ஸ் கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்திருந்த சொற்பப் பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளாமல், அதைக் கொண்டு ஓர் இசைத்தட்டு அச்சிட்டார்கள். டிஸ்கார்ட் என்ற ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது. காகித உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். 'எழுத்து' பத்திரிகையை நடத்தி, புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய சி. சு. செல்லப்பாவை அறிந்தவர்களுக்கும், 1965-ல் கஸ்தூரி ரங்கன் இதே தில்லியில் 'கணையாழி'யைத் தொடங்கிய சூழ்நிலையை அறிந்தவர்களுக்கும் இந்த வைராக்கியம் அந்நியமாகத் தோன்றாது. பெரிய கம்பெனி வந்து தூக்கிவிடும் என்று காத்திராதவனுக்கு மட்டுமே தன் விருப்பப்படி நிறுத்தவும் உரிமை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் நிறுத்தியும் விட்டார்கள். 1981-ல் கிதார் வாசித்த லைல் பிரெஸ்லர் கல்லூரியில் சேரப் போனதால் குழு ஒருமுறை கலைந்து, மறு வருஷம் மீண்டும் கூடிற்று. 1983-ல் 'அவுட் ஆஃப் ஸ்டெப்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதற்குள் எந்தத் திசையில் போவது என்பதில் பேதம் முற்றிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று வாசித்ததே கடைசிக் கச்சேரி. மெக்காய்க்கு அப்போது வயது 21. பிற்பாடு அவர் ஃபுகாசி என்ற குழுவைத் தொடங்கி, டிக்கெட் விலை ஐந்து டாலருக்கு மேல் போகாதவாறு வெகுகாலம் காத்து வந்தார். நீடித்திருப்பதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. 1990-ல் தோன்றிய இந்தியன் ஓஷனும் 1991-ல் தோன்றிய பரிக்ரமாவும் இந்தத் தில்லியில் பல்லாண்டு நிலைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், மறுபடியும் ஒன்றுகூடி மேடையேறினால் பணம் குவியும் என்று தெரிந்திருந்தும், நாற்பது ஆண்டுகளாக அந்த நால்வர் அதைச் செய்யவில்லை.

அவர்கள் பணமாக்க மறுத்த பெயரைப் பிறர் பணமாக்க முயன்றதும் உண்டு. 2005-ல் நைக்கி கம்பெனி, அவர்களுடைய முதல் தட்டின் உறைப்படத்தை, மொட்டைத் தலையைக் கைகளில் புதைத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் இயனின் தம்பியின் படத்தை, ஏறக்குறைய அப்படியே தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு, பிறகு கண்டனம் எழவே மன்னிப்புக் கேட்டது.

கேட்க விரும்பும் வாசகர் 1989-ல் வெளிவந்த முழுத் தொகுப்பைத் தேடிக்கொள்ளலாம். 26 பாடல்களும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1981-ன் எட்டுப் பாடல்களிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒலியைக் குறைத்துக்கொள்வது உசிதம்.