வீட்டு முன்பணத்தை எங்கே சேர்ப்பது?

விசைப்படகுக்குப் போகிற தம்பி ஒருத்தன், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. "வீட்டுக்கு முன்பணம் எதுலண்ணே சேர்க்குறது?" என்று கேட்டான். கட்டுமாவடியில் பாதிப் பேர் சீட்டு என்பார்கள், மீதிப் பேர் நகை என்பார்கள்.

1982 சட்டப்படி பதிவான சீட்டு வேறு, பக்கத்துத் தெரு நோட்டுச் சீட்டு வேறு. நகையில் செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போதே கொஞ்சம் போய்விடும் (தம்பி பெண்டாட்டி, நம்ம தங்கச்சி, கோவிக்கக் கூடாது).

என் ஓட்டு தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு. ஐந்து வருஷம், மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே கணக்குத் திறக்கலாம். சிக்கல் எங்கே என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு கரையில், கையில் காசு இருக்காது. தவணை விட்டால் அபராதம், விட்டுக்கொண்டே போனால் கணக்கே நின்றுபோகும். அதனால் பாடு நன்றாக இருக்கிற மாதத்திலேயே ஆறு தவணையை முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். அதற்குத் தள்ளுபடியும் உண்டு. இது நம்மூரில் பலருக்குத் தெரியாது.

எவ்வளவு வேண்டும்? 30 லட்சம் வரையான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. தரலாம், அவ்வளவுதான். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. 20 லட்சம் வீட்டுக்கு 3.8 லட்சமாவது கையில் வேண்டும்.

மனை வாங்கிக் கட்டுவதென்றால் தங்கச்சி பேரில் எழுதுப்பா. 10 லட்சம் வரையான சொத்துக்கு, 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு.