கம்பு தொடும் ஆழம்

குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதை இன்னும் கட்டிக்கிடந்தது. மட்டக்களப்பில் பாதை என்றால் வீதி மட்டுமல்ல. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவையும் பாதைதான். மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு அங்கே பாதை நின்றுவிட்டது. இங்கே நிற்கவில்லை.

விடிய ஒரு மணி நேரம் இருந்தது. கார்த்திகை மழை முதல்நாள் மாலைதான் ஓய்ந்திருந்தது. மீன்பிடிக்கக் கூட்டிப்போக வந்த தோணிக்காரர் டோர்ச் வெளிச்சத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தின கிலோ இருப்பீங்க மனே?"

"எழுபத்தெட்டு ஐயா."

"அப்ப நடுவில இரிங்க. ஒள்ளுப்பம் பின்னால. ஆ, அசையாதீங்க."

நான் யாழ்ப்பாணத்துக்காரன். கடலில் எஞ்சின் பூட்டிய படகில் போயிருக்கிறேன், வாந்தியும் எடுத்திருக்கிறேன். இந்தத் தோணி பதினாறடி நீளம், கண்ணாடி நார், எஞ்சின் கிடையாது. மூன்று பேர் ஏறியும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. முன்னால் வீச்சுவலையோடு அவருடைய மருமகன், பின்னால் கம்போடு அவர்.

வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நீர் இது. புத்தகத்தில் வாவி. கரையில் ஆறு. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இதற்குமேல் ஒரு திசைகாட்டி இங்குள்ளவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. நீளம்தான் பெரிது, ஆழம் பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட வராது. ஆகவே துடுப்பைவிடக் கம்புக்கே இங்கே வேலை அதிகம். கம்பு தோணியைத் தள்ளுகிறது, அதே கையோடு ஆழத்தையும் அடித்தரையையும் சொல்கிறது. மணல் என்றால் 'டக்' என்று நிற்கும். சேறு என்றால் சத்தமில்லாமல் இறங்கும். நீர்ச்செடி என்றால் வழுக்கும். "இறால் நிக்கிற சேறு வேற, சும்மா சேறு வேற" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வேறு பதில் இல்லை.

எங்கள் ஊரில் மரக்கோல் தாங்குவதைப் பார்த்த நம்பிக்கையில் ஒருமுறை கம்பைக் கேட்டு வாங்கினேன். எழுந்து நின்று ஊன்றினேன். தோணி நன்றாகத்தான் போனது. கம்பு வரவில்லை. சேற்றில் ஒரு முழம் புதைந்திருந்த அதை நான் இறுகப் பிடித்திருக்க, காலுக்குக் கீழே தோணி நழுவியது.

"கம்ப விடுங்க மனே, கம்ப விடுங்க!"

விட்டேன். கம்பு தண்ணீர் நடுவே தனியே நின்றது. மருமகன் சவள் என்னும் துடுப்பைப் போட்டுத் தோணியைக் கிறுக்கி, போய் எடுத்து வந்தார். கிறுகுதல் என்றால் திரும்புதல். இந்தச் சொல்லைக் கேட்கவே இந்த மாவட்டத்துக்கு வரலாம். கம்பை நேராக இழுக்கக் கூடாது, முதலில் அரைத்திருகு திருகிச் சேற்றின் பிடியை உடைக்க வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும் என்று தோணிக்காரர் காட்டித் தந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய தகப்பனாரிடம் இருந்தது மரம் குடைந்த தோணி. 1978 நவம்பர் சூறாவளியில் அது போய்விட்டது. தென்னைகளோடு தென்னையாகப் போனது என்றார். மரத்தோணியை வெயிலில் விடக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும். கிடுகு போட்டு மூடி ஈரமாய் வைத்திருக்க வேண்டும். பாரம் என்பதால் ஒருமுறை ஊன்றினால் நெடுந்தூரம் ஓடும், காற்றுக்கும் அசையாது. கண்ணாடி நாருக்கு அந்தச் சீராட்டு வேண்டாம். ஆனால் அது பாரமற்றது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று படுவான்கரையிலிருந்து அடிக்கும்போது, வலை வீசுபவர் ஒரு பக்கம் சாய, காற்று மறுபக்கம் தள்ள, கம்புக்காரருக்கு அரைநொடி ஓய்வில்லை. ஒட்டுப் போடுவதிலும் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உடைந்த இடத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, நார்ப்பாயை ரெசினில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும். இறுக்கும் மருந்து கூடினால் சூடேறி வெடிக்கும், குறைந்தால் பிசுபிசுக்கும். ஈரத்தோடு அவசரத்துக்கு ஒட்டியவர்களின் ஒட்டு மாரியில் கழன்றுவரும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் அவருக்கும் ஒரு படகு கொடுத்தது. புத்தம் புதியது, அழகானது, கடலுக்குக் கட்டியது. ஆற்றில் விட்டால் அடி தட்டியது. இரண்டு வருடம் கரையில் கிடந்த அதில் கோழி அடைந்தது, பிறகு விற்றுவிட்டார். படகுகளை எண்ணிக் கொடுத்தவர்கள் தண்ணீரை அளந்திருக்கலாம்.

தோணி வைத்திருப்பதென்றால் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி பதிந்து இலக்கம் எழுத வேண்டும், சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். தங்கூசி வலை தடை. இவற்றை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பங்குக் கணக்கைச் சொல்லத்தான் நேரம் எடுத்தார். வலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, தோணிக்கு ஒன்று. "தோணியும் ஒரு ஆள்தான். அதுக்கும் வருத்தம் வரும், மருந்து வாங்கணும்."

மட்டக்களப்பின் பாடும் மீனைப் பற்றிக் கேட்காமல் வர முடியுமா? 1848 செப்டம்பரில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இந்த நீரில் இரவில் தோணியேறிப் போய் அந்த ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அது மீனல்ல, அழும் ஊரி என்னும் சங்குவகை என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்களாம். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காது வைத்தால் கேட்கும் என்பது கல்லடிப் பாலத்தடிப் பழக்கம்.

"ஊரி அழுதா ஆருக்கு லாபம்? இறால் எங்க நிக்குதெண்டு சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, ஊன்றுவதில் கவனமானார்.

வெளிச்சம் வந்தபோது ஆற்றுவாழைத் திட்டுகள் கண்ணாக் காட்டின் ஓரமாக மிதந்து போயின. வலையில் ஒரு கிலோவுக்குள் இறால், நாலைந்து திலாப்பியா, ஒரு கெழுத்தி. அவர் மீனைப் பார்க்கவில்லை. கரையில் நட்டிருந்த தடியில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். மழை வெள்ளம் சேர்ந்தால் வேளாண்மை மூழ்கும். படுவான்கரை விவசாயிகள் முகத்துவாரத்தை வெட்டச் சொல்வார்கள். பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றுப் பக்கமும் மணல் திட்டை வெட்டிவிட்டால் ஆறு கடலுக்குள் இறங்கும். முந்தி வெட்டினால் மீனும் சேர்ந்து போகும் என்பது தோணிக்காரர் கவலை. வெட்டாமல் விட்டால் வயல் போகும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் அதை வாதிட முடியாது, அவரும் வாதிடவில்லை. அவருடைய தம்பிக்குப் படுவான்கரையில் மூன்று ஏக்கர் இருக்கிறது.

நான் ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் அவரே அழைத்தார். முகத்துவாரம் வெட்டியாயிற்று. தண்ணீர் ஓரிரவில் இருபது முழம் உள்வாங்கிவிட்டது. கட்டின இடத்திலேயே தோணி சேற்றில் இருக்கிறது, இறக்க நாலு பேர் வேண்டும். கம்பை எடுக்காமல் வருவதானால் நானும் வரலாம் என்றார்.