பெயர்ப்பலகையில் நிற்கும் தோட்டங்கள்

பண்டார் உத்தாமாவில் எப்பிங்காம் தமிழ்ப்பள்ளி. ஷா ஆலம் ஏழாவது பிரிவில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. பலகையில் மட்டும் தோட்டம் இருக்கிறது. சுற்றிப் பார்த்தால் ஒரு பால்மரம் கிடையாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பேரங்காடியும் கொண்டோவும் நிற்கிற நிலத்தில் பாதி, எங்களைப் பெற்றவர்கள் இருட்டோடு எழுந்து பால் வெட்டிய காடுதான்.

நான் பிறந்த தோட்டமும் கிள்ளான் பக்கம். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் திரட்டும் தண்டல், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டி, கடனுக்கு அரிசி போட்ட கடைக்காரர், எல்லாருக்கும் ஒரே பேச்சு. அம்மாவின் சட்டையில் புளித்த ஒட்டுப்பால் வாடை எத்தனை துவைத்தாலும் போகாது. தீமிதிக்குக் கொடி ஏறினால் ஊரே விரதம். ‘நம் பண்பாட்டைக் காப்போம்’ என்று ஒருவரும் மேடை போடவில்லை. காக்க வேண்டிய பொருளாக அது அப்போது தெரியவில்லை.

வீடு கம்பெனியுடையது. அதனால் தோட்டம் விற்றபோது வேலை, வீடு, கோயில், அண்டை அயல் எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. அடுக்குமாடிக்கு வந்தோம். அலுவலகத்தில் மலாய், கூட்டத்தில் ஆங்கிலம், மின்தூக்கியில் மௌனம். அம்மா அலைபேசியில் சத்தமாகப் பேசினால் ‘மெதுவா பேசும்மா’ என்று நானே சொல்கிறேன். தோட்டத்தில் அவர் மூன்றாவது லயனுக்கு, அதாவது மூன்றாவது வீட்டு வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

மிச்சத் தமிழுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது. 2010 அக்டோபரில் அன்றைய இந்திய, மலேசியப் பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் அங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். 2015இல் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்தார். நல்ல வாயில்தான். எனக்குப் பிடித்தது தீபாவளிக்கு முந்தைய வாரத்து நெரிசல், அங்கேயும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும். மல்லிகை, வேட்டி, முறுக்கு எல்லாம் பையில் ஏறும். திங்கட்கிழமை திரும்ப நான் கணக்குப் பிரிவின் ‘மிஸ்டர்’.

தோட்டத்தைச் சொர்க்கமாக்கவும் எனக்கு மனமில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கள்ளுக்கடையை மூடச் சொன்னது இன்னொன்று. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அந்த லயனுக்கே என் மகனை அனுப்புவேனா? மாட்டேன். அவன் எந்தத் துரைக்கும் சைக்கிளை நிறுத்த வேண்டாம் என்பதற்காகத்தான் அப்பா எங்களைப் படிக்கவைத்தார். ஆனால் அங்கே யோசிக்காமல் தமிழனாக இருந்தேனே, அது மட்டும் வேண்டும். இரண்டையும் ஒரே விலைக்குத் தரும் கடையை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை.

திருவிழாவுக்கு மட்டும் கலைந்தவர்கள் பழைய தோட்டம் இருந்த இடத்தில் கூடுவார்கள். கார் நிறுத்துமிடத்தில் வயசாளிகள் சண்டை: “எங்க லயன் இங்கதான் இருந்துச்சு.” “அட போப்பா, அது கிராணி வீடு.” என் மகன் மலாயில் கேட்டான், தாத்தாக்கள் எதற்கு இப்படிக் கத்துகிறார்கள் என்று. தமிழில் கேட்டால்தான் சொல்வேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். தப்பும் தவறுமாகக் கேட்டே விட்டான்.